சமர்த்துக் குதிரை

பிப்ரவரி 11

என் பெரிய மனுஷிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாவது இருக்கும். உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. இப்போது ஒரு பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டியிருக்கிறேன். கேட்காத காதுக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது, பார்.

எப்படி உடைந்தது என்று கேட்பாய். வேறு யார், துரையின் கைங்கரியம்தான். காலையில் சேணம் பூட்டும்போது தலையை ஒரு உதறு உதறினார். நெற்றியில் பட்டது. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் வீக்கம். வயது ஏற ஏற அவருக்கு முன்கோபம் ஏறுகிறது. எனக்கும்தான். இரண்டு கிழங்களும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான்.

பால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. முந்தாநாள் பாலத்துக்கு நடுவில் துரை நின்றுவிட்டார். பின்னால் பேருந்து. டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்து வாயசைத்தார். முகத்தைப் பார்த்தால் நம் பரம்பரை முழுவதையும் தொட்டிருப்பார் என்று தெரிந்தது. நல்லவேளை, ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. துரைக்கு எப்போது தோன்றியதோ அப்போதுதான் நகர்ந்தார். பால் நிலையத்தில் எல்லோரும் சிரிப்பு. “துரை இன்னைக்கும் பாலத்துல மீட்டிங் போட்டாரா?” என்று அளவு பார்ப்பவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

ஓட்டலில் துணி வெளுக்கும் இடத்துக்கு உன்னை மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த நீராவி உன் மார்புக்கு ஆகாது. கிழிசல் தைக்கிற வேலையே உனக்குச் சரி. உட்கார்ந்து செய்யலாம், நடுவில் நாலு பக்கம் படிக்கலாம்.

மற்றபடி எல்லாம் நலம்.

உன் செவிட்டு அப்பன்

*

பிப்ரவரி 19

நலம் நலம் என்றே எழுதும் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில், படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கோபம் வந்தது.

நீங்கள் எழுதாமல் விட்டதைக் கோழிக்காரம்மா போனில் சொன்னார். உங்களுக்குப் போன் கேட்டால் நான் ஏன் அடுத்த வீட்டில் விசாரிக்கப் போகிறேன்? நீங்கள் லாயத்து வாசலில் மல்லாந்து கிடந்தீர்களாம்.

“உங்கப்பா கீழ கெடக்காரும்மா. அந்தக் குதிரை அவருக்கு மேல காலைப் பரப்பிக்கிட்டு நிக்குது. கிட்டப் போனா பல்லக் காட்டிக்கிட்டு வருது. கையில இருந்த முட்டையெல்லாம் எடுத்து வீசிட்டேன், அசையவே மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல அவரே கண்ண முழிச்சு, ‘என்னம்மா, முட்டை வியாபாரத்த இங்க மாத்திட்டியா’ன்னு கேக்குறாரு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிச்ச முட்டைய அவர் மேலயே போட்டிருக்கணும்.”

இதுதான் உங்கள் ‘கொஞ்சம் வீக்கம்’. போன மாதம் உதடு. அதற்கு முன்னால் முழங்கை. அதற்கும் முன்னால் நீங்கள் என்னிடம் சொல்லாதது எத்தனையோ.

அப்பா, அதை விற்றுவிடுங்கள். அதற்குத் துரை என்று பேர் வைத்து வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் தப்பு. அம்மா படுக்கையில் கிடந்தபோதே சொன்னாள், “மரியாதை குடுத்துக் குடுத்து இப்ப அது உங்களை வேலைக்காரன்னு நினைச்சிருச்சு” என்று. நடு ரோட்டில் நிற்கும், கடிக்கும், இடது பக்கம் யாரையும் விடாது, தண்ணீர் வாளியை உதைக்கும். அது எதற்கு உங்களுக்கு?

விருந்தாளி ஒருவர் விட்டுப்போன நாவல் ஒன்று படிக்கிறேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. யார் பிழைத்தார்கள் என்று தெரியாமலே தூங்கப் போகிறேன். உங்கள் கடிதங்களைப் படிக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து, கோபத்துடன்,
உங்கள் மகள்

*

மார்ச் 2

கோபக்காரிக்கு,

கோழிக்காரம்மா சொல்வதில் பாதி முட்டை, பாதி கொக்கரிப்பு. அதை வைத்து என்னை விசாரிக்காதே.

துரை என் மேல் நின்றது உண்மை. ஆனால் அவ்வளவு பெரிய குளம்பு, என் விரல் நகத்தில்கூடப் படவில்லை. அப்படியானால் உங்களைத் தள்ளியது யார் என்று கேட்பாய். தள்ளியதும் அவர்தான் என்று வைத்துக்கொள். ஒருவருக்குக் கோபமும் இருக்கலாம், கொஞ்சம் பொறுப்பும் இருக்கலாம். உன் அம்மாவிடம் நான் இரண்டையும் பார்த்தவன்.

அவர் கெட்டவர் இல்லையம்மா. நடு ரோட்டில் நிற்கிறார் என்றால் அவருக்கு ஏதோ தோன்றுகிறது, நிற்கிறார். நமக்குப் புரியாததாலேயே அது திமிர் ஆகிவிடாது. ஊர் சிரிக்கட்டும். நீ அவரைத் திட்டாதே.

எழுத்து கோணல் என்று நினைக்காதே. தாளைப் பிடித்துக்கொள்ள முடியாமல் இடது கையில் கட்டு. காலையில் அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கும்போது லாயத்திலிருந்து துரை ஒரு கனைப்புக் கனைத்தார். திடுக்கிட்டுப் பானையைச் சாய்த்துவிட்டேன். கொப்புளம்தான், ஆறிவிடும். கோழிக்காரம்மா முட்டை வெள்ளையைத் தடவிவிட்டார். போன தடவை வீசியதற்குப் பிராயச்சித்தமாம்.

பருவம் தப்பி வந்த மழை இன்னும் விடவில்லை. லாயத்துக் கூரையில் ஒரு தகடு மாற்ற வேண்டும். சேறு முழங்கால் வரை. பால் குறைந்திருக்கிறது, ஆனால் நின்றுவிடவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

மார்ச் 10

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இப்போது கொப்புளம். கஞ்சிப் பானை கையில் சாய்வதற்கும் குதிரைதான் காரணம் என்றால், இனி எதற்குத்தான் காரணமாகாது? எனக்குத் தூக்கமில்லை. விரிப்பில் கிழிசல் தைக்கும்போது விரலையும் சேர்த்துத் தைக்கிறேன். தினமும் மதியம் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஊசியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

நம் பக்கத்துக் குதிரைத் தரகரிடம் போனில் பேசினேன். துரையை எடுத்துக்கொண்டு வேறொன்று தருகிறார், மாற்றுக்கு மாற்று. பெட்டைக் குதிரை. பெரிய சந்தையில் காய்கறி மூட்டை இழுத்துப் பழகியதாம்.

“சாட்டையும் வேணாம், வாரும் வேணாம்மா. ‘போ’ன்னா போகும், ‘நில்லு’ன்னா நிக்கும். வாயில சொல்லாம நிக்கவே நிக்காது. சந்தைக் கூட்டத்துல எவன் எந்தப் பக்கம் இழுத்தாலும் சட்டை பண்ணாம நேரா போய்க்கிட்டே இருக்கும். அவ்வளவு சமர்த்து. உங்கப்பா வண்டியில ஏறி உக்காந்தாப் போதும்.”

இதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நடு ரோட்டில் நிற்காத குதிரை. மேலே விழுந்து கடிக்காத குதிரை.

இரண்டில் ஒன்று சொல்லுங்கள். தரகர் வரும்போது துரையைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வந்து, உங்களை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. அம்மாவை இழந்தேன், அது நோய். உங்களை ஒரு குதிரையின் குளம்புக்குக் கொடுக்க என்னால் ஆகாது.

மிரட்டுவதாக நினைத்தால், ஆமாம், மிரட்டுகிறேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 21

கண்ணுக்கு,

தரகர் வந்தார். கொடுத்துவிட்டேன்.

துரை லாரியில் ஏறவில்லை. மூன்று பேர் தள்ளினார்கள். தரகரின் தோளில் சட்டையோடு சேர்த்து ஒரு கவ்வு கவ்வினார். “இந்தச் சனியனை எப்படிய்யா இத்தன வருஷம் வெச்சிருந்தே?” என்று தரகர் என் காதருகில் வந்து கத்தினார். அது எனக்குக் கேட்டது. கடைசியில் நான் முன்னால் ஏறிப் போய் உள்ளே நின்றேன். பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். வாரைக் கட்டிவிட்டு நான் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

புதிய குதிரை வந்திருக்கிறது. சாம்பல் நிறம், சுத்தமான கண். வாளியை உதைப்பதில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் அதற்கு ஒன்றுதான். கோழிக்காரம்மா கையால் தீவனம் தின்கிறது. சமர்த்து என்றே பேர் வைத்துவிட்டோம்.

நீ வேலையை விட வேண்டாம்.

அப்பா

*

ஏப்ரல் 1

என் நல்ல அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. வருத்தத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் அப்பா. நான் உங்களுக்குக் கெடுதல் செய்வேனா?

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். துணி அறையில் என்னோடு வேலை செய்கிற அக்கா, “என்னடி, முகத்துல களை வந்திருக்கு, யாராவது கெடைச்சாச்சா?” என்று கேட்டார். “ஆமாக்கா, சாம்பல் கலர்ல ஒரு குதிரை” என்றேன். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெளுக்கும் இடத்துக்கு என்னை மாற்றவில்லை. ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன். வந்ததும் சமர்த்து இழுக்கும் வண்டியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வரப்போகிறேன். துரை இருந்தவரைக்கும் எனக்கு அந்தத் தைரியமே வந்ததில்லை.

நிம்மதியாக,
உங்கள் மகள்

*

ஏப்ரல் 12

பெரிய மனுஷிக்கு,

சமர்த்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்கிறது. பாலத்தில் நிற்பதில்லை. பால் நிலையத்துக்கு நேரத்துக்கு முன்பே போய்விடுகிறோம்; அளவு பார்ப்பவருக்குச் சிலேட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. பேருந்து டிரைவர் கும்பிடு போடுகிறார். ஊரில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

கடிவாள வாரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். “என்ன பெரியவரே, கைதி மாதிரி?” என்று கோழிக்காரம்மா சைகையால் கேட்டார். ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்றேன். சமர்த்தான குதிரைக்கு எதற்கு முன்னெச்சரிக்கை என்று அவருக்குப் புரியவில்லை.

துரை எங்கே போனார் என்று தரகர் ஏதாவது சொன்னாரா? அவருக்குத் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கித்தான் வைக்க வேண்டும், பல் கூசும். அதனால்தான் வாளியை உதைப்பார். அதைத் தரகரிடம் சொல்ல மறந்துவிட்டேன். கேட்டு எழுது.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

அப்பா

*

மே 17

அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தும் இதைக் கேட்க முடியவில்லை. வார்டில் கத்திக் கேட்டால் ஊரே கேட்டிருக்கும். அதனால் லீவு முடிந்து வந்து எழுதுகிறேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், கோழிக்காரம்மா சமைத்துப் போடுகிறார் என்ற ஆறுதலில் எழுதுகிறேன்.

அன்று நடந்ததை அவர் சொன்னது என் கண்ணிலேயே நிற்கிறது. வண்டி அவர் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. மேலே ஆள் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் நீங்கள், மணிக்கட்டில் சுற்றிய வாரோடு, சாலையில் இழுபட்டுக்கொண்டு. குதிரை மிரளவில்லை, ஓடவில்லை. அதே சீரான நடை. “நான் அலறுறேன், கல்லெடுத்துப் போடுறேன், அது பாட்டுக்குப் போகுதும்மா. கடைசில ‘நில்லு’ன்னு கத்தினேன் பாரு, உடனே நின்னுடுச்சு. மொதல்லயே சொல்லியிருக்கணும், எனக்குத் தோணலையே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்கப்பாவ வண்டி ஓட்டக்கூடாதுன்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். உங்ககிட்ட சொல்லலையா?”

“எதுக்கு டாக்டர்?”

“வலிப்புல ஒரு வகை இது. கை கால் உதறாது. கொஞ்ச நேரம் ஆள் இருக்க மாட்டார், அவ்வளவுதான். அப்படியே சாஞ்சிடுவார். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்துப்பார்.”

மூன்று வருடம். உதடு, முழங்கை, நெற்றி, கண்ணாடி. ஊர் திரும்பும் பேருந்தில் உங்கள் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கஞ்சிப் பானை நினைவுக்கு வந்தது. துரை கனைத்ததில் திடுக்கிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். லாயத்திலிருந்து, மழையில், சுவருக்கு அந்தப் பக்கம். போன் கேட்காத காதுக்கு அது எப்படிக் கேட்டது? நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள்தானே அப்பா? ஓட்டலில் யார் எந்தப் புத்தகத்தை விட்டுப்போனாலும் எனக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்த ஒரு வரியை நான் எப்படிப் படித்தேன்?

துரை உங்களைத் தள்ளவே இல்லை. அப்படித்தானே? நான் கொடுக்கச் சொன்னேன், நீங்கள் வாயைத் திறக்காமல் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. ஏன் எழுதவில்லை?

உங்கள் மகள்

*

மே 28

கண்ணுக்கு,

இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. இனி எழாது என்கிறார்கள். எழுதுவது வலது கை என்பதால் உனக்குப் பதில் எழுதாமல் தப்பிக்க முடியவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அடுத்த பேருந்தில் வந்திருப்பாய். அம்மா படுத்தபோது உன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாய். போகிறேன் போகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த பரீட்சை அப்படியே போயிற்று. அவளைத் துடைத்து, திருப்பிப் போட்டு, உன் இருபது வயது அந்தக் கட்டில் காலடியிலேயே முடிந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை, இந்தத் தடவை எனக்காக, என்று நினைத்ததும் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிடுவேன். பழி போடப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவருக்குக் கெட்ட பேர் ஏற்கெனவே இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

முதல் தடவை பாலத்தில்தான். கண் விழித்தபோது வண்டியின் முன்பலகையில் சாய்ந்து கிடந்தேன். வண்டி அசையாமல் நின்றது. பின்னால் பேருந்து. துரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி நின்றார். டிரைவர் சாட்டையால் அடித்துக்கூடப் பார்த்தாராம். நான் நிமிர்ந்து வாரை இழுத்துப் பிடித்ததும் நடந்தார். என் பிடி தளர்ந்தால் அவர் நின்றுவிடுகிறார் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரார் திமிர் பிடித்த குதிரை என்று திட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டினேன். வேறு என்ன சொல்வது?

சமர்த்து வந்ததும் எனக்குப் பயம்தான். மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் நான் சாயும்போது என் கனமே இழுத்து நிறுத்தும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு இழுப்பு ஒரு பொருட்டில்லை. உன் கடிதத்திலேயே தரகர் சொல்லியிருந்தார், நான்தான் சரியாக மனதில் வாங்கவில்லை. மயங்கிக் கிடப்பவன் எப்படி ‘நில்லு’ என்று சொல்வது?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. ஒன்றே ஒன்று செய். துரை எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடி. அவர் திரும்பி வந்தால் வலது கை ஒன்றே போதும், நான் பழையபடி பால் வண்டி ஓட்டுவேன். உன் தலையில் ஏற மாட்டேன். இப்போதைக்குக் கோழிக்காரம்மாவின் தம்பி சுற்றைப் பார்த்துக்கொள்கிறார். எவ்வளவு நாள் பார்ப்பார்?

கண்டுபிடித்து எழுது.

அப்பா

*

ஜூன் 14

அப்பாவுக்கு,

துரை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பூந்தோட்டக்காரம்மா வாங்கியிருக்கிறார். நானே நேரில் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். மேல் பளபளவென்று இருக்கிறது. வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, காலையில் ஒரு நடை பூ மூட்டை, அப்புறம் நாளெல்லாம் புல்வெளியில். அந்த வீட்டுக் குழந்தைகள் அவர் வாலைப் பின்னி விடுகிறார்கள். இப்போதெல்லாம் நடு வழியில் நிற்பதே இல்லையாம். தண்ணீரைச் சூடாக்கி வைக்கச் சொன்னேன், சரி என்றார்.

திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். தர மாட்டேன் என்றுவிட்டார். குழந்தைகள் அழுவார்களாம். நானும் வற்புறுத்தவில்லை.

அதனால் வண்டியை மறந்துவிடுங்கள் அப்பா. என்னிடம் வந்துவிடுங்கள். அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர்தான். ஆனால் கீழ் வீட்டில் ஒரு அறை காலியாகிறது, கேட்டு வைத்திருக்கிறேன். படிப்பு கிடிப்பு என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அது எப்போதோ முடிந்த கதை.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
மகள்

*

ஜூன் 22

மகளுக்கு,

துரையின் வாலை ஒரு குழந்தை தொட்டிருந்தால் அந்த வீட்டில் இப்போது ஒப்பாரிதான் கேட்கும்.

மூன்று வருடம் உனக்குப் பொய் எழுதியவன் நான். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். நடுநடுவே அவர் இன்னாரைக் கடித்தார், எதையோ உடைத்தார் என்று போட்டிருந்தால்கூட நம்பியிருப்பேன். நீ நல்லதையே அடுக்கிவிட்டாய். புல்வெளி, பூ, குழந்தை. அவர் நிற்பதே இல்லை என்றும் எழுதிவிட்டாய்.

நீ நேரில் போனாய் என்பதை மட்டும் நம்புகிறேன். என்ன பார்த்தாயோ அதை எழுது.

அப்பா

*

ஜூன் 30

அப்பாவுக்கு,

துரை இல்லை.

தரகர் அவரைக் கல் குவாரிக்குக் கொடுத்திருக்கிறார். தேடிக்கொண்டு அங்கே போனேன். வண்டி ஓட்டியவன் கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பழுப்புக் குதிரை, இடது பக்கம் விடாது என்றதும் புரிந்துகொண்டான்.

“அதுவா? அது என்னைக் கண்ண மூட விட்டுச்சா? விடியக் காலைல ஏறி உக்காந்தா தூக்கம் வராதா மனுஷனுக்கு? லேசா அசந்தாப் போதும், நடு ரோட்டுல நட்டுக்கிட்டு நின்னுடும். பின்னால வர்ற லாரிக்காரன் எல்லாம் திட்டுறான். மொதலாளி என்னைக் கேக்குறாரு. நான் என்ன பண்ணுவேன்? அடிச்சேன். நான் மட்டுமா, எல்லாருந்தான் அடிச்சாங்க. அடிக்க அடிக்க நிக்குது. அப்பிடி ஒரு ஜென்மம்.”

“அப்புறம்?”

“ஏத்தத்துல ஒரு நாள் முட்டி போயிடுச்சு. எழுந்திரிக்கல. இறைச்சிக்காரன் வந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான்.” கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்: “ஏம்மா, உங்களுதா அது?”

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் இது நடந்திருக்கிறது.

எங்களுடையதுதான் என்று சொன்னேன். நீ தூங்கி விழுந்துவிடாமல் இருக்கத்தான் அது நின்றது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கேட்டுச் சிரித்திருப்பான். சிரிக்காமல் போயிருந்தால் அதையும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

நீங்கள் அவரை எதிர்பார்த்துக்கொண்டுதான் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று கோழிக்காரம்மா சொன்னார். அதனால்தான் பூந்தோட்டம் எழுதினேன். வாலைப் பின்னுவதாக எழுதும்போதே கை கூசியது.

நான் நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் அப்பா. அதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் ஒன்றும் மாறவில்லை. இனி வாருங்கள் என்று கூப்பிடுவதற்கு எனக்கு வாய் இல்லை. நீங்கள் எங்கே எப்படி இருக்க நினைக்கிறீர்களோ, எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்.

மகள்

*

ஜூலை 9

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

பால் சுற்றைக் கோழிக்காரம்மாவின் தம்பிக்கே கொடுத்துவிட்டேன். சமர்த்தும் அவரிடமே இருக்கட்டும். அதன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லிக் கொடுத்தபடி நடந்தது. வாரை மட்டும் மணிக்கட்டில் சுற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விழுந்தேன். சமையலறையில், மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில். வலது கன்னம் வீங்கியிருக்கிறது, ஒரு பல் ஆடுகிறது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. என்னை யாரும் தள்ளவில்லை. நானாகத்தான் விழுந்தேன்.

சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. ஒரு பெட்டி போதும்.

அப்பா